கப்பலார் வீட்டு ஐஸ் அறை

திருமயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஏழு மணி. அதற்குள்ளேயே தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, அக்கினி நட்சத்திரம் பிறந்து நாலாம் நாள். எனக்காக ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கப்பலார் வீட்டுக்கு வந்த பட்லரு நீங்கதானா? தொரை கணக்கா இருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். அவருக்கு ஏமாற்றம்தான். என்னைப் பார்த்தவர்களில் ஏமாறாதவர் குறைவு.

கப்பலார் என்றால் முத்துராமன். அவருக்குச் சொந்தமாக ஒரு தோணிகூடக் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ஒரு பயணிக் கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற காண்டிராக்ட் அவருடையது. சமையலுக்கு, பரிமாற, துணி வெளுக்க, மேல்தட்டில் பயணிகள் எடுக்கிற வாந்தியை வாளியில் அள்ள, எல்லாவற்றுக்கும் இலுப்பூர், அன்னவாசல், குளத்தூர்ப் பக்கத்து ஆட்கள்தான். மழை பொய்த்த வருஷம் அவர் வலை வீசவே வேண்டாம், நாங்களே துள்ளி வந்து விழுவோம். கம்பெனி எங்கள் தலைக்கு இவ்வளவு என்று அவரிடம் கொடுக்கும். அவர் எடுத்தது போக ஒட்டியிருப்பது எங்கள் சம்பளம். இதை அவர் மேடைகளில் ஏழைகளுக்குத் தான் வார்க்கும் கஞ்சி என்று சொல்வார். கஞ்சி வார்த்து வார்த்தே அவர் வீடு இரண்டு கட்டிலிருந்து ஐந்து கட்டாக வளர்ந்தது.

கப்பல் ஆள் ஒவ்வொருவனுக்கும் ஒரு நடத்தைப் புத்தகம் உண்டு. அது கையில் இல்லாமல் எந்தக் கப்பலிலும் கால் வைக்க முடியாது. எங்கள் எல்லோருடைய புத்தகமும் முத்துராமனின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. என் புத்தகம் ஒன்பது மாதமாக அங்கே படுத்துக் கிடந்தது. நான் ஒன்பது மாதமாக அன்னவாசலில் படுத்துக் கிடந்தேன்.

"வாடா ரத்தினவேலு. எப்படி இருக்கு பாத்தியா? கப்பல்ல நிக்கிற மாதிரியே இல்ல?"

அவர் காட்டியது வீட்டின் மூன்றாம் கட்டில் புதிதாகச் செய்த சாப்பாட்டு அறை. முதல் வகுப்புச் சாப்பாட்டு அறையைப் போலவே நீள மேஜை, வெள்ளை விரிப்பு, சுவரில் பித்தளை வளையம் போட்ட வட்டக் கண்ணாடி ஜன்னல்கள். கப்பலில் அந்த ஜன்னல் வழியே கடல் தெரியும். இங்கே ஒரு எருமை தெரிந்தது. அது எங்கள் இருவரையும் பார்த்து அசைபோட்டது.

"அப்படியே இருக்குங்க மொதலாளி" என்றேன்.

"மெட்ராஸ்லேருந்து கம்பெனி ஆபீசர் வாராரு. மத்தியானச் சாப்பாடு. சூப்புல ஆரம்பிச்சு ஐஸ் போட்ட பழம் வரைக்கும் கப்பல்ல எப்படியோ அப்படி. காண்டிராக்டு இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீளணும். நல்லபடியா முடிச்சுக் குடு. ஒம் புஸ்தகத்தை ஒங்கையில குடுத்துர்றேன்."

எட்டு மணிக்குத் திருச்சியிலிருந்து ஐஸ் லாரி வந்தது. மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஆறு பாளங்கள். வருகிற வழியெல்லாம் சாலையில் கோடு போட்டுக்கொண்டே வந்திருந்தன. அவற்றை நான்காம் கட்டில் இருந்த பாத்திர அறையில் இறக்கச் சொன்னார் முத்துராமன். ஜன்னல் இல்லாத அறை. ஒரு சாண் கனத்தில் பர்மாத் தேக்குக் கதவு. வெளியே மட்டும் தாழ்ப்பாள். உரித்த ஆடுகள் இரண்டை உத்தரத்து வளையத்தில் தொங்கவிட்டோம்.

"யாரு உள்ள போனாலும் ஒடனே கதவைச் சாத்திப்புடணும். குளிரு வெளிய போகப்படாது" என்று கட்டளை போட்டார்.

கட்டளை எனக்குப் புதிதில்லை. அந்த வார்த்தைகளைக் கப்பலிலும் கேட்டிருக்கிறேன்.

பின்கட்டில் பாத்திரம் துலக்க நாலு பெண்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி சாம்பல் கையோடு எழுந்து என் எதிரே வந்து நின்றாள். செவந்தி. என்னோடு கப்பலில் வேலை பார்த்த நாகராசுவின் மனைவி. இலுப்பூரிலிருந்து இந்த வேலைக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டு அவளே வந்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவுக கூடத்தான நீங்களும் இருந்தீக. நெசமாவே பினாங்குல எறங்கி ஓடிப்போனாகளா?"

"கப்பல் கணக்குல அப்படித்தான் எழுதியிருக்கு."

"எழுத்தை நான் கேக்கலண்ணே. ஒங்களைக் கேக்குறேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"ரெண்டு வருஷம் ஆச்சு. மலாய்க்காரி ஒருத்தியக் கட்டிக்கிட்டான்னு மாமியா சொல்லுது. ஓடுனவன் பொண்டாட்டின்னு ஆத்தங்கரையில சிரிக்கிறாளுக. செத்துப் போனாகன்னாக்கூட அழுது முடிச்சிருவேன். எம்புள்ளைக்கு ஒங்கப்பன் வேலை பாக்கையில செத்தாருன்னு சொல்லிருவேன். கம்பெனி குடுக்குறதை வாங்கி ரெண்டு மாட்டைப் பிடிச்சுக்குவேன். ஓடிப்போனாகன்னா நான் எதைச் சொல்லட்டும்?"

"எனக்குத் தெரியாது தாயி" என்றேன். முதலாளியின் இரும்புப் பெட்டி இரண்டு சுவருக்கு அப்பால் இருந்தது.

அவள் திரும்பிப் போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

சமையலுக்கு அடைக்கலமேரி என்று ஒரு அம்மாள். பொன்மலையில் ரயில்வே துரைமார் வீட்டில் இருபது வருஷம் சமைத்தவர். துரைமார்மீது அவருக்கு இருந்த மரியாதையை அவர் எச்சில் தட்டு கழுவிய காலத்திலேயே கழுவி விட்டிருந்தார். பத்து மணி சுமாருக்கு முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பட்லர், அந்த ஐசு ஒரு சொட்டு வடியல."

"கதவு கனம் அக்கா."

"கதவைச் சொல்லாத. லாரியில வரையில ஒழுகுன ஐசு, எறக்கி வச்சதும் நின்னுபோச்சு. மரத்தூளு மாவாட்டம் காஞ்சு கெடக்கு. உள்ள போனேன், பல்லு தந்தியடிக்குது."

அப்போதுதான் அது கேட்டது.

டொக். டொக். டொக்.

கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று.

அடைக்கலமேரி கதவைப் பார்த்தார். "உள்ள யாரையும் வச்சுத் தாழ்ப்பாப் போட்டுட்டியா?"

"கறிதான்க்கா. கறி வளையத்துல ஆடி இடிக்குது." என் வாய் தானாகச் சொன்னது.

"ஏன் பட்லர், ஆடுறதுக்கு இது என்ன கப்பலா?"

தாழ்ப்பாளை இழுத்தேன். இரண்டு ஆடுகளும் அசையாமல் தொங்கின. வேறு யாரும் இல்லை. என் மூச்சு மட்டும் வெள்ளையாக எனக்கு முன்னால் போய் நின்றது.

வெளியே அக்கினி நட்சத்திரம்.

நான் சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் அடக்கி வைத்தால் உங்களுக்குக் கதை புரியாது.

அந்தக் கப்பலின் முதல் வகுப்பைப் பார்த்தால் இந்திரலோகம் தோற்றுவிடும். நாங்கள் இருந்தது அதற்கு ஐந்து அடுக்குக் கீழே, நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில். இருபத்திரண்டு பேருக்குப் பதினொரு படுக்கை. ஒருவன் வேலைக்கு எழுந்தால் அவன் வியர்வை காய்வதற்குள் அடுத்தவன் அதில் படுப்பான். வாந்தி வாளியும் சோற்று வாளியும் ஒரே மூலையில் கவிழ்ந்திருக்கும். எது எது என்று மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோற்றில் புழு மிதந்தால் தலைமை பட்லர், "கறி கேட்டீங்களேடா" என்பார். முதல் வகுப்பில் மிஞ்சிய கறியை அவரே எங்களிடம் காசுக்கு விற்பார். யாரோ கடித்து வைத்த எலும்பு. வாங்கினோம். தின்றோம். ருசியாகவும் இருந்தது. அதுதான் இன்றைக்கும் குமட்டுகிறது.

கறி வைக்கிற குளிர் அறைக்கும் வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள், அதன் மேல் பூட்டு. ராத்திரி ஒன்பது மணிக்குத் தலைமை பட்லர் பூட்டிவிட்டுப் போவார். அதன் பிறகு திறந்தால், திறந்தவனுக்கு ஒரு மாதச் சம்பளம் வெட்டு. அந்த ஐப்பசியில் வங்காள விரிகுடா பேய் பிடித்த மாதிரி ஆடியது. மறுநாள் மேலே கப்பல் தலைவரின் விருந்து. நாகராசு ஆட்டுத் தொடை எடுக்க உள்ளே போனான். தலைமை பட்லர் எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டினார். மணி ஒன்பது.

அறைக்கு வெளியே காவல் நான்.

தட்டுகிற சத்தம் கேட்டது. கப்பல் ஆடினால் கொக்கியில் தொங்குகிற கறி கதவில் மோதும். எங்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். கறிதான் என்று நினைத்தேன். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மூன்று தட்டு. எந்த ஆடு இப்படி எண்ணி மோதும் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு, கறிதான் என்று மறுபடியும் நினைத்தேன். நான்கு மணிக்குச் சத்தம் நின்றது. கடல் அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

கடல் அடங்கவில்லை.

ஐந்து மணிக்குத் திறந்தார்கள். அவன் ஆடுகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விருந்து நாளில் பிணத்தைக் கடலில் இறக்கினால் முதல் வகுப்புக்கு மனசு கெட்டுப் போகுமாம். தார்ப்பாய் போட்டு மூடி, பினாங்கு வரும்வரை மூன்று நாள் அங்கேயே வைத்தார்கள். அவனுக்கு மேலே தொங்கிய கறிதான் விருந்துக்குப் போனது. நான்தான் பரிமாறினேன். அந்தப் பயணத்தில் முதல் வகுப்பில் வந்த முத்துராமன் இரண்டாவது தரம் கேட்டு வாங்கினார். "இன்னைக்குத்தாண்டா கறி பதமா இருக்கு" என்றார்.

பினாங்கில் ஒரு படகு வந்து தார்ப்பாயை எடுத்துப் போனது. செத்தான் என்று எழுதினால் விசாரணை, நஷ்டஈடு, முத்துராமனின் காண்டிராக்டுக்கு ஆபத்து. ஓடிப்போனான் என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து, ரத்தினவேல்.

பன்னிரண்டரைக்கு ஆபீசரின் கார் வந்தது. வெள்ளைக்காரன் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் அவனுடைய கோட்டை இறக்க மனமில்லாதவர். அந்த வெயிலில் கழுத்துப்பட்டியும் கட்டி, வேர்வையில் வெந்துகொண்டு இறங்கினார். முத்துராமன் பட்டு வேஷ்டிக்கு மேல் அவரைப் போலவே ஒரு கோட்டு போட்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வியந்துகொண்டார்கள்.

சூப்பு சரியாகப் போனது. அடுத்தது ஆட்டுக்கறி. அடுப்பிலிருந்து ஆவி பறக்கக் கொண்டு வந்தேன். மேஜையில் வைத்ததும் ஆவி நின்றது. தட்டில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, கறியின்மேல் தோல் போலப் படர்ந்தது. ஆபீசர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். வெளியே எடுக்கக் கௌரவம் விடவில்லை, விழுங்கத் தொண்டை விடவில்லை. உதட்டு ஓரத்தில் மெழுகு மாதிரி நெய் ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் சில்லுனு இருக்கே மிஸ்டர் முத்துராமன்?"

முதலாளிக்கு எதையும் பெருமையாக்கத் தெரியும். "எல்லாம் நம்ம ஐஸ் ரூம் வேலைங்க சார்! கப்பல்ல இருக்கிறதைவிட ஒரு படி மேல. வாங்க, காட்டுறேன்."

ஆபீசர் வாசலோடு நின்றுகொண்டார். கோட்டில் மரத்தூள் ஒட்டும் என்று பயம். முத்துராமன் மட்டும் உள்ளே போய் ஐஸ் பாளத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு திரும்பி, "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறே? கதவைச் சாத்து. குளிரு போயிரும்ல?" என்றார்.

சாத்தினேன். பழக்கம். தாழ்ப்பாளும் போட்டேன். அதுவும் பழக்கம்.

டொக். டொக். டொக்.

நான் தாமதிக்கவில்லை. தேவமாதாவின் மேல் ஆணையாகச் சொல்வேன் என்று அடைக்கலமேரி பிறகு எல்லோரிடமும் சொன்னார்: முதல் மூன்று தட்டு முடிவதற்குள் நான் தாழ்ப்பாளை இழுத்துவிட்டேன்.

முத்துராமன் ஆடுகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் உறைந்திருந்தது. காலையில் மழமழவென்று மழித்திருந்த கன்னத்தில் வெள்ளை முள் முளைத்திருந்தது. ஆபீசர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி ஐந்து நிமிஷம். குனிந்து முத்துராமனின் தங்கக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதில் ஐந்து மணி.

"ராத்திரி பூரா தட்டுனேனே" என்றார் முத்துராமன். குரல் வெளியே வரவில்லை, காற்றுதான் வந்தது. "ஏன்டா தெறக்கல?"

"இப்பத்தானே மொதலாளி போனீங்க."

"நாகராசு பக்கத்துல குந்தியிருந்தான். கைய ஒடச்சுக்காதீங்க மொதலாளின்னான். வெளிய கேட்டாலும் கறி ஆடுதுன்னு நெனச்சுக்குவாகன்னான்."

பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. செவந்தி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"அண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

சொன்னேன். பூட்டியது, தட்டியது, தார்ப்பாய், விருந்து, படகு, என் கையெழுத்து. அவள் அழவில்லை. கறி என்ற இடம் வந்தபோது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்ற ஆபீசர் சுவரோரமாகப் போய்க் குனிந்தார். விருந்து முழுவதும் முதலாளியின் புதிய தரையில் விழுந்தது. வாளி எடுக்கப் போன காலை நானே நிறுத்திக்கொண்டேன்.

"இது ரொம்ப... இதை ஹெட் ஆபீஸில் பேசணும்" என்று ஆபீசர் காரைப் பார்த்து நடந்தார்.

செவந்தி முன்னால் போய்க் கார்க் கதவில் முதுகை வைத்து நின்றாள். "இங்கனயே எழுதிக் குடுத்துட்டுப் போங்க சாமி."

"நகரும்மா."

"நான் நகந்தா நீங்க ஏறி ஒக்காருவீக. டிரைவர் கதவைச் சாத்துவாரு" என்றாள் அவள், மெதுவாக. "சாத்துனா தெறக்குமான்னு பாத்துக்குங்க."

ஆபீசர் கார்க் கதவைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

புதுக்கோட்டை அச்சகத்தில் தங்க எழுத்தில் அடித்த விருந்துப் பட்டியல் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். நாகராசு ஓடிப்போகவில்லை, பணியில் இருக்கும்போது குளிர் அறையில் இறந்தான், நஷ்டஈடு கொடுக்கத் தக்கது. முற்றத்திலிருந்து முத்துராமனின் பல் அடிக்கிற சத்தம் கார்வரை கேட்டது. மூன்று கம்பளி போர்த்தி வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"சாட்சி நீதானே? ஒரு கேள்வி, இதுவும் சேரணும்" என்றார் ஆபீசர். "கப்பலில் அந்தப் பூட்டுக்கு வேறே சாவி யாரிடமாவது இருந்ததா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செவந்தி பார்த்த பார்வையில் முதல் தடவையாக நன்றி இருந்தது. உண்மையைச் சொன்ன மனிதனைப் பார்க்கிற பார்வை. என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"இல்லீங்க சார். ஒரே சாவி. தலைமை பட்லர்கிட்ட."

உங்களிடம் சொல்வதற்கு என்ன? இன்னொரு சாவி இருந்தது. ஆபத்துக்கு என்று காவல்காரனிடம் கொடுக்கிற சாவி. அந்த ராத்திரி முழுக்க, ஒன்பதிலிருந்து நான்கு வரை, அதை வலது கையில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்த இரும்புச் சாவி சூடாகிவிட்டது. அவ்வளவு நேரம்.

கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

விரல்கள் தாமாக மடங்கின.

செவந்திக்கு ஆறு மாதத்தில் பணம் வந்தது. தாலியைக் கழற்றி, பதினாறாம் நாள் காரியத்தை ஊர் கூட்டி முறையாகச் செய்தாள். இலுப்பூரில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. முத்துராமனுக்குக் காண்டிராக்ட் நீளவில்லை. அவர் படுக்கையை விட்டு எழவுமில்லை. சித்திரை வெயிலிலும் கம்பளிக்குள் கிடந்து, யாராவது அறைக்கதவைச் சாத்தப் போனால் அலறுவாராம். என் புத்தகத்தைக் கேட்க நான் போகவில்லை. அன்னவாசலில் ஒரு காப்பிக் கிளப்பில் இடது கையால் பரிமாறுகிறேன்.

வலது கை அன்று மூடியதுதான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர் வெந்நீரில் முக்கச் சொன்னார். முக்கினால் வெந்நீர் ஆறிவிடுகிறது. இரண்டு கம்பவுண்டர்கள் சேர்ந்து பிரித்துப் பார்த்தும் ஒரு விரல் அசையவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார். தளர்ந்த கையை இரண்டு பேரால் பிரிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

போன வாரம் செவந்தி கிளப்புக்கு வந்தாள். மாட்டுச் சந்தைக்குப் போகிற வழி. முகம் தெளிந்திருந்தது. "ஒங்களாலதான்ணே எம்புள்ளை தலை நிமிந்து நடக்குது" என்று குனிந்து கும்பிடப் போனாள். நான் தடுக்கக் கையை நீட்டினேன். அவசரத்தில் வலது கையை நீட்டிவிட்டேன்.

அவள் அதைப் பிடித்தவள், சட்டென்று விட்டாள்.

வெளியே தெரு கொதித்துக்கொண்டிருந்தது. என் முஷ்டியில் மட்டும் சோடா பாட்டில்மேல் பூப்பது போலப் பனி பூத்து, விரல் இடுக்குகளிலிருந்து இரும்புத் துரு கலந்த தண்ணீர் செவேலென்று சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அந்தச் சொட்டுகளையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள என்னண்ணே வச்சிருக்கீக?" என்றாள்.